7,500 ரூபாய்க்கு ஒரு ‘தேசிய விருது’

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 34. 2022இல் முனைவர் பட்டம் பெற்றேன். பழைய ஊராட்சிப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் உள்ள தமிழ்க் கையெழுத்தைக் கணினியால் படிக்கவைப்பது என் ஆய்வு. இதுவரை 27 கட்டுரைகள், 4 காப்புரிமைகள். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் (NAAC) அமைப்பின் குழு வரவிருப்பதால் ஆளுக்கொரு தேசிய விருதாவது கொண்டுவரச் சொல்லி நிர்வாகம் நெருக்குகிறது. இதற்கிடையில், ‘தேசிய இளம் ஆய்வாளர் விருது’க்கு நான் தேர்வாகிவிட்டதாகவும் பதிவுக் கட்டணம் 7,500 ரூபாய் என்றும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. உடன் பணிபுரிபவர்கள் இதுபோல் இரண்டு மூன்று வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கட்டலாமா? உண்மையான தேசிய விருதுகளுக்கு என்னைப் போன்றவர்கள் விண்ணப்பிக்க முடியுமா? நான் எழுதிவைத்திருக்கும் விண்ணப்பத்தை இணைத்துள்ளேன். இன்னொரு சிறு சந்தேகம்: திருமணத்துக்கு முன் அப்பாவின் முதலெழுத்தோடும், பிறகு கணவர் பெயரோடும் கட்டுரைகள் வந்துள்ளன. இதனால் ஏதும் சிக்கல் வருமா?

– ஒரு வாசகி

பதில்:

பணத்தைக் கட்டாதீர்கள். வந்த மின்னஞ்சலைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை, ஆனால் தேர்வாகிவிட்டீர்கள். யார் பரிந்துரைத்தார்கள், தேர்வுக் குழுவில் யார் இருந்தார்கள், உங்கள் எந்த ஆய்வைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற மூன்றில் ஒன்றுக்கும் அதில் பதில் இருக்காது. கணினி அறிவியல், வேளாண்மை, வணிகவியல், யோகா என்று எல்லாத் துறைக்கும் ஒரே மேடை. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோருக்குக் கேடயம். தங்கும் விடுதியின் அரங்கு ஒன்றில் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். வர முடியாவிட்டால் கூரியரில் அனுப்பக் கூடுதல் கட்டணம் வாங்குகிறவர்களும் உண்டு. உண்மையான விருதைத் தருகிறவர்கள் உங்களுக்குப் பயணச் செலவு கொடுத்து அழைப்பார்கள், உங்களிடம் கேட்க மாட்டார்கள்.

உடன் பணிபுரிபவர்கள் வாங்கியிருக்கிறார்களே என்கிறீர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரம் 16 மணி நேரம் பாடம் நடத்திவிட்டு, மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக அலைந்துவிட்டு, மீதி நேரத்தில் ஆய்வும் செய் என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? நெருக்குகிற நிர்வாகத்துக்கு ஒரு சான்றிதழ் நகல் தேவைப்படுகிறது, கொடுக்கிறார்கள். ஆனால் பின்னாளில் நீங்கள் ஓர் உண்மையான விருதுக்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் தன்விவரத்தில் இப்படி ஒன்று இருந்தால் தேர்வுக் குழுவில் இருப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும். மற்ற எல்லா வரிகளையும் அவர் அதற்குப் பிறகு சந்தேகத்தோடுதான் படிப்பார். முன்பு எப்போதாவது இப்படி வாங்கியிருந்தால், இன்றே அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இனி உண்மையான விருதுகள். எந்த விருது உங்களுக்கு எட்டும், எது எட்டாது என்பதில் மழுப்பாமல் பேசிவிடுவோம்.

இந்தியாவில் இளம் அறிவியலாளர்களுக்கான பெரிய தேசிய விருது என்றால் நெடுங்காலம் அது சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசுதான். மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். 1957இல் ஏற்படுத்தியது. 1958இல் அதை முதலில் பெற்றவர் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன். அப்போது அவர் அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்! 45 வயது வரம்பெல்லாம் பிறகு வந்தது. அந்தப் பரிசில் ஏழு பிரிவுகள் இருந்தன. கணினி அறிவியலுக்கு என்று ஒன்றுகூட இல்லை. ஆகவே நம் துறைக்காரர்கள் இரண்டு வாசல்களில் ஏதாவது ஒன்றின் வழியாக நுழைய வேண்டியிருந்தது. கோட்பாட்டுப் பக்கம் இருப்பவர்கள் கணித அறிவியல் பிரிவில் போனார்கள். தரவுச் சுரங்கம், வன்பொருள் பாதுகாப்பு என்று வேலை செய்தவர்கள் பொறியியல் பிரிவில் போனார்கள். 2021ஆம் ஆண்டுப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் சாகேத் சௌரப் கணிதப் பிரிவில் பெற்றார், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் தேப்தீப் முகோபாத்யாய் பொறியியல் பிரிவில் பெற்றார். இருவரும் கணினி அறிவியலர்கள்தான்.

2024 முதல் அது ராஷ்ட்ரீய விஞ்ஞான் புரஸ்கார் என்ற மத்திய அரசின் புதிய அறிவியல் விருதுத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது ‘விஞ்ஞான் யுவா – சாந்தி சுவரூப் பட்நாகர்’ விருது. ஆண்டுக்கு அதிகபட்சம் 25 பேர். முன்பு தந்த ஐந்து லட்சம் ரூபாய் இப்போது கிடையாது. பதக்கமும் சான்றும் மட்டும். இதில் ‘கணிதமும் கணினி அறிவியலும்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெயரளவிலாவது நம் துறைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் பழைய வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. 2025 பட்டியலில் மறையீட்டியல் (தகவலைச் சங்கேதமாக்கிப் பாதுகாக்கும் துறை) ஆய்வாளரான சென்னை ஐ.ஐ.டி.யின் சுவேதா அகர்வால் கணிதம்-கணினிப் பிரிவில் இருக்கிறார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கணினித் துறையைச் சேர்ந்த அர்க்கபிரவ பாசு பொறியியல் பிரிவில் இருக்கிறார். எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பதே யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. உங்கள் ஆய்வு என்னைக் கேட்டால் பொறியியல் பக்கம்தான்.

உங்களுக்கு வயது 34. அந்த விருதுக்கு இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. ஆகவே அவசரம் இல்லை. ஆனால் பட்டியலைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்கத் தயங்கிய கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன்: அதில் சுயநிதிக் கல்லூரிக்காரர் யாராவது இருக்கிறார்களா? ஐ.ஐ.டி., இந்திய அறிவியல் கழகம், டாடா ஆய்வு நிறுவனம், இந்தியப் புள்ளியியல் நிறுவனம், கணித அறிவியல் நிறுவனம் என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான் வருகின்றன. பெண்கள் நிலைமையும் பெருமைப்படும்படி இல்லை. 2022ஆம் ஆண்டுக்கான பட்நாகர் பரிசு 12 பேருக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு பெண்கூட அதில் இல்லை. தேர்வில் ஓரவஞ்சனை என்று ஒரே வரியில் முடித்துவிட நான் தயாராக இல்லை. நேரம், நல்ல ஆய்வு மாணவர்கள், அடுத்த அறையில் விவாதிக்க ஆள், கேட்டால் பரிந்துரைக் கடிதம் எழுதும் பெரியவர்கள் ஆகிய எல்லாம் அந்த நிறுவனங்களில் ஒன்றாகக் கிடைக்கின்றன. உங்களுக்கு அவற்றில் எதுவும் இல்லை.

அதனால் ஏணியின் கீழ்ப்படிகளைப் பாருங்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு, கணினி அறிவியலாளர்களின் சங்கமான ஏ.சி.எம். இந்தியா ஆண்டுதோறும் ஒரு விருது தருகிறது. உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் நாளை உங்களிடம் ஒரு மாணவர் ஆய்வேடு சமர்ப்பிக்கும்போது நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டின் கல்லூரிகளில் முடிக்கப்படும் நல்ல ஆய்வேடுகள் பல, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் அலமாரிக்குப் போய்விடுகின்றன. இந்தியாவில் பணியாற்றும், ஆய்வுத் தொடக்கக் காலத்தில் இருப்பவர்களுக்கென்றும் அதே அமைப்பு ஒரு விருது வைத்திருக்கிறது. இவை முழுக்க முழுக்கக் கணினி அறிவியல் விருதுகள். படிப்பவர்கள் நம் துறைக்காரர்கள். மாநாட்டுக் கட்டுரை என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்திய தேசியப் பொறியியல் அகாதமியும் கணினிப் பொறியியலை ஒரு தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. இளம் பொறியாளர்களை அது நீண்டகாலமாக அங்கீகரித்துவருகிறது. இன்ஃபோசிஸ் பரிசு 2024 முதல் 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று ஆகிவிட்டது. பொறியியல்-கணினி அறிவியல் பிரிவில் அந்த ஆண்டு அதைப் பெற்றவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் சியாம் கொல்லகோட்டா. அது உலக அளவிலான போட்டி, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இப்போது நீங்கள் இணைத்த விண்ணப்பத்துக்கு வருகிறேன். இந்தப் பதிலை நீளமாக எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

உங்கள் முதல் வரி இது: “செயற்கை நுண்ணறிவையும் ஆழ்கற்றலையும் ஒருங்கிணைத்த புதுமையான கலப்பு மாதிரியின் மூலம் தமிழ்க் கையெழுத்து உணர்தலில் 98.6% துல்லியத்தை எட்டியுள்ளேன்.” இதே வரியை, ‘தமிழ்க் கையெழுத்து’ என்பதை மட்டும் மாற்றிவிட்டு, நெல் பயிர் நோய்க்கும் நுரையீரல் படத்துக்கும் போட்டுக்கொள்ளலாம். போட்டும் இருக்கிறார்கள், தேர்வுக் குழுவின் மேசைக்கு அப்படிப்பட்ட விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. ‘புதுமையான’, ‘கலப்பு’ என்ற இரண்டு சொற்களையும் பார்த்ததும் படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்.

அந்த 98.6%க்கு என்ன பொருள்? எழுத்துக்கு எழுத்துத் துல்லியமா, சொல்லுக்குச் சொல்லா? எழுத்துக்கு என்றால், எட்டு எழுத்துள்ள ஒரு பெயர் முழுவதும் சரியாக வர 0.986ஐ எட்டு முறை பெருக்கிப் பாருங்கள். 0.89 வருகிறது. பத்துப் பெயர்களில் ஒன்று பிழையாகப் போகும். இறப்புச் சான்றிதழ் கேட்டு வந்து நிற்பவருக்கு அது சிறிய பிழையா? பயிற்சிக்குத் தந்த பக்கங்களும் சோதனைக்கு வைத்த பக்கங்களும் ஒரே கணக்கரின் கையெழுத்தா, வேறு வேறா? ஒரே கை என்றால் உங்கள் நிரல் தமிழைப் படிக்கக் கற்றுக்கொண்டது என்று சொல்ல முடியாது. அந்த ஒருவரின் கையைப் படிக்கக் கற்றிருக்கிறது. இந்தக் கேள்விகளைக் கேட்கக்கூடியவர் ஒருவராவது குழுவில் இருப்பார். பதில் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும்.

ஆனால் நான்காவது பத்தியில், நீங்களே முக்கியம் என்று நினைக்காமல் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வரிகள் இருக்கின்றன. பழைய கணக்கர்கள் ‘ர’வையும் துணைக்காலையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள், அவசரத்தில் புள்ளி வைக்காமல் விட்டிருக்கிறார்கள், 1978க்கு முந்தைய பதிவேடுகளில் ‘லை’, ‘னை’, ‘றா’ எல்லாம் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கின்றன. ஆகவே தனி எழுத்தைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டு, அதே ஊரின் பதிவேட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களையும், எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கொண்டு எழுத்தைத் தீர்மானித்தீர்கள் என்கிறீர்கள். அம்மா, உங்கள் ஆய்வு அதுதான்! மூன்று பக்கத்துக்குச் செயற்கை நுண்ணறிவின் வரலாற்றை எழுதிவிட்டு இதைப் போய் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்.

நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்: “1978க்கு முந்தைய ஊராட்சிப் பதிவேடுகளில் ‘ர’வும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கின்றன, புள்ளி பெரும்பாலும் இல்லை. எழுத்தை மட்டும் பார்த்து இவற்றை மனிதராலும் பிரிக்க முடியாது. ஊர்க்காரர் ஒருவர் படித்துவிடுவார், ஏனென்றால் அந்த ஊரின் பெயர்கள் அவருக்குத் தெரியும். அந்த ஊரறிவைப் பதிவேட்டிலிருந்தே கணினி கற்றுக்கொள்ளும் முறை ஒன்றை உருவாக்கினேன்.” இதன் பிறகு, முறை இல்லாமல் எத்தனை பெயர்கள் பிழையாக வந்தன, முறையைச் சேர்த்த பின் எத்தனை என்று இரண்டே எண்கள். எந்த இடத்தில் அது தோற்கிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள். வெளியூரிலிருந்து வந்து இறந்தவரின் பெயரை அது தவறாக அந்த ஊர்ப் பெயராக்கிவிடும் என்று ஊகிக்கிறேன். அதை நீங்களே சொல்லிவிட்டால் படிப்பவருக்கு உங்கள் மீது நம்பிக்கை வந்துவிடும்.

இதை யாரெல்லாம் படிப்பார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். விஞ்ஞான் யுவா விருதுக்கான விண்ணப்பங்கள் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் தலைமையிலான குழுவுக்குப் போகின்றன. அறிவியல் துறைகளின் செயலர்கள், அகாதமி உறுப்பினர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். இயற்பியலாளரும் உயிரியலாளரும் படித்தால் புரிய வேண்டும். அவர்கள் உலகில் ஆய்விதழ்தான் பெரிது. மாநாடு என்றால் சுருக்கத்தை ஒட்டிவிட்டுத் தேநீர் குடிக்கும் இடம். நம் துறையில் நிலைமை வேறு. ஆவணப் பகுப்பாய்வுக்கான ஐ.சி.டி.ஏ.ஆர். மாநாட்டில் ஒரு முழுக் கட்டுரை ஏற்கப்படுவது, காசு வாங்கிக்கொண்டு வாரக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளும் பல ஆய்விதழ்களைவிடக் கடினம். அமெரிக்காவின் கணினி ஆய்வுச் சங்கம் 1999லேயே இதை விளக்கி, பதவி உயர்வுக் குழுக்களுக்காக ஓர் அறிக்கை வெளியிட்டது. கால் நூற்றாண்டு ஆன பிறகும் நம் ஊர்ப் படிவங்கள் ‘தாக்கக் காரணி எவ்வளவு’ என்று, அதாவது ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று, கட்டம் போட்டுக் கேட்கின்றன. கட்டத்தைக் காலியாக விடாமல், அந்த மாநாட்டில் முழுக் கட்டுரையை எத்தனை பேர் மதிப்பிட்டார்கள், வந்தவற்றில் எவ்வளவு ஏற்றார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஆசிரியர் பெயர் வரிசையும் இப்படித்தான் குழப்பும். மனீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற மூவரும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து 2002 ஆகஸ்டில் ஓர் ஒன்பது பக்கக் கட்டுரையை வெளியிட்டார்கள். ஓர் எண் பகா எண்தானா என்பதை நியாயமான நேரத்துக்குள், ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடும் வழிமுறை அது. உலகமே திரும்பிப் பார்த்தது. கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். கட்டுரையில் பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருக்கின்றன, கோட்பாட்டுத் துறையின் வழக்கம் அது. முதல் பெயருக்கு அதிகப் பங்கு என்று பொருள் இல்லை. உங்கள் பிரிவிலோ மாணவர் முதலில், நெறியாளர் கடைசியில். இந்த வழக்கத்தையும் படிவத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த மூவருமே பட்நாகர் பரிசு பெற்றார்கள், ஆனால் அகர்வாலுக்கு 2003இல், சக்சேனாவுக்கு 2018இல், கயாலுக்கு 2022இல். பகா எண் கட்டுரையோடு நின்றிருந்தால் இளையவர்கள் இருவருக்கும் அது வந்திருக்காது. இயற்கணிதச் சுற்றுகளின் கடினத்தன்மை என்ற ஒரே திசையில் இருவரும் ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள்.

உங்கள் 27 கட்டுரைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பட்டியலைப் படித்தேன். பதிவேடுகளைப் பற்றியவை ஆறு. மற்றவை மண் ஈரம், கிரிப்டோ நாணயம், முகக்கவசம் கண்டறிதல், மாணவர் தேர்ச்சிக் கணிப்பு. துறையில் எல்லாரும் எல்லாருடைய கட்டுரையிலும் பெயர் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று புரிகிறது. விண்ணப்பத்தில் அந்த ஆறில் சிறந்த மூன்றை மட்டும் முன்வையுங்கள். முழுப் பட்டியல் கேட்டால் கடைசியில் இணைக்கலாம். இனி அடுத்தவர் கட்டுரையில் பெயர் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கொஞ்ச நாள் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

நான்கு காப்புரிமைகளும் ‘வெளியிடப்பட்டவை’ என்று போட்டிருக்கிறீர்கள். காப்புரிமை விண்ணப்பம் எதுவானாலும் 18 மாதம் ஆனதும் அரசு இதழில் வெளியாகும். முன்கூட்டியே வெளியிடக் கேட்டுக் கட்டணம் கட்டினால் சில வாரங்களிலேயே வெளியாகிவிடும். அதற்குப் பிறகுதான் பரிசோதனை, மறுப்பு, பதில் எல்லாம். வெளியானது என்றால் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள் என்று மட்டுமே பொருள். அதிலும், வெறும் கணினி நிரலுக்கு நம் நாட்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவு காப்புரிமை தருவதில்லை. வழங்கப்பட்ட காப்புரிமை ஒன்று இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அந்தத் தலைப்பையே எடுத்துவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள்தான் உங்களுக்குக் கடினமான பகுதி. உங்கள் நெறியாளர் ஒன்று தருவார். அது போதாது, குழு அதை அம்மா தன் பிள்ளையைப் புகழ்வதுபோல்தான் பார்க்கும். உங்களோடு சேர்ந்து எழுதாத, ஆனால் உங்கள் கட்டுரையைப் படித்த ஒருவர் வேண்டும். “கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்” என்று பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் கடிதத்தைவிட, “இவருடைய முறையை எங்கள் ஆவணங்களில் போட்டுப் பார்த்தோம், இந்த இடத்தில் உதவியது” என்று இளம் ஆய்வாளர் ஒருவர் எழுதும் கடிதம் நூறு மடங்கு பயன்படும். அதற்கு உங்கள் நிரலும் தரவும் வெளியே இருக்க வேண்டும். பதிவேடுகளில் தனிமனிதர் விவரங்கள் இருப்பதால் பக்கங்களை அப்படியே வெளியிட வேண்டாம். நிரலையும், பெயர்களை மாற்றிய சில மாதிரிப் பக்கங்களையும் வெளியிடலாம். பழைய ஆவணங்களோடு மல்லாடுகிறவர்கள் இந்தியா முழுவதும் இருக்கிறார்கள். வங்காளி, மலையாளக் கையெழுத்துகளில் வேலை செய்பவர்கள் உங்கள் முறையைத் தங்கள் எழுத்துக்கு முயன்று பார்க்க நீங்களே எழுதிக் கேளுங்கள். கொல்கத்தாவில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கையெழுத்து உணர்தலில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள இடம், ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யிலும் இந்திய மொழி ஆவணங்களுக்கென்றே உழைக்கும் குழு இருக்கிறது.

நேரமும் ஆளும் இல்லாத குறைக்கு ஒரு வழி உண்டு. கல்லூரி ஆசிரியர்கள் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்தில் பகுதிநேரமாக ஆய்வு செய்வதற்கென்றே ‘டேர்’ (TARE) என்ற திட்டத்தை, ஆய்வுகளுக்கு நிதி தந்துவந்த மத்திய அரசு வாரியமான செர்ப் (SERB) தொடங்கியது. மூன்று ஆண்டுகள், உங்கள் வேலையை விடாமலே ஆண்டுக்கு 90 நாட்கள் அங்கே போய் வேலை செய்யலாம். செர்ப்பின் இடத்தில் இப்போது அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை வந்திருக்கிறது, அதன் அறிவிப்புகளைப் பார்த்துவாருங்கள். உங்கள் நிர்வாகம் விடுப்புத் தரத் தயங்கும். அங்கேதான் நாக் குழுவைக் காட்டிப் பேச வேண்டும். முதல்வரிடம் போகும்போது, கட்டணம் கட்டி வாங்கிய பத்துக் கேடயங்களைவிட, அரசு ஆய்வுத் திட்டம் ஒன்றும் ஓர் ஐ.ஐ.டி.யோடு கூட்டுக் கட்டுரை ஒன்றும் வருகைக் குழுவின் முன் எடுபடும் என்று சொல்லுங்கள். கல்லூரிக்கும் பணம் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மீதிப் பேச்சு சுலபமாகும்.

இவ்வளவும் செய்து முடிக்க மூன்று நான்கு ஆண்டுகளாவது பிடிக்கும். இந்த ஆண்டே ஒன்றுக்கு விண்ணப்பித்துப் பார்க்கட்டுமா என்றால், பாருங்கள், தடையில்லை. ஆனால் இப்போதிருக்கும் வடிவில் அது முதல் சுற்றைத் தாண்டாது. விஞ்ஞான் புரஸ்காருக்கான பரிந்துரைகளை அரசின் தேசிய விருதுகளுக்கான இணையவாசலில் முதல் ஆண்டில் ஜனவரி 14 முதல் பிப்ரவரி 28 வரை பெற்றார்கள். இந்த மாதிரி விருதுகளுக்கெல்லாம் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதக் கூடாது. தீபாவளி விடுமுறையிலேயே முதல் படியை எழுதி, உங்கள் கல்லூரி இயந்திரவியல் துறையிலோ வேதியியல் துறையிலோ இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். அவர் படித்துவிட்டு, நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று தாளைப் பார்க்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.

கடைசியாகக் கேட்ட பெயர் விஷயம் சிறு சந்தேகம் இல்லை. தமிழ்ப் பெண் ஆய்வாளர்களில் பாதிப்பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. ‘எஸ். கவிதா’, ‘கவிதா எஸ்.’, ‘கவிதா செல்வம்’, கணவர் பெயரோடு ‘கவிதா முருகன்’ என்று நான்கு விதமாக அச்சானால், தரவுத்தளங்களுக்கு அவர்கள் நான்கு பேர். மேற்கோள்கள் நான்காகச் சிதறும். போதாததற்கு வேறு ஊர் எஸ். கவிதாவின் கட்டுரைகள் உங்கள் கணக்கில் வந்து சேரும். அதைக் குழு பார்த்தால் நீங்கள் ஏமாற்றியதாகத்தான் நினைக்கும். முதலில், பெயர் எப்படி அச்சானாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்சிட் (ORCID) எண் ஒன்று வாங்குங்கள், இலவசம்தான். பழைய கட்டுரைகள் எல்லாவற்றையும் அதில் நீங்களே சேர்த்துவிடுங்கள். கணினி அறிவியலுக்கான டி.பி.எல்.பி. பட்டியல் ஜெர்மனியிலிருந்து நடத்தப்படுகிறது. ஒரே பெயரில் பலர் இருந்தால் பெயருக்குப் பின்னால் நான்கிலக்க எண் போட்டுப் பிரிப்பார்கள். ஒருவரே பல பெயரில் இருந்தால், கட்டுரை விவரங்களோடு எழுதிக் கேட்டால் ஒன்றாக்கித் தருவார்கள். ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலும் அப்படிக் கேட்க வழி இருக்கிறது. இனி அச்சாகும் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயரா, கணவர் பெயரா என்பது உங்கள் விருப்பம். ஆனால் முனைவர் பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே வைத்துக்கொண்டால், விண்ணப்பங்களோடு பெயர் மாற்ற உறுதிமொழிப் பத்திரம் இணைக்கும் அலைச்சல் மிச்சம்.